கோடு போடாத பெயர்

என் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். ஆங்கிலப் பீரியடு என்றால் உங்களுக்குப் பயமாக இருந்ததா இல்லையா? இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அறுபதைத் தாண்டியும் எனக்கு இன்னும் பயம்தான். தெருவில் யாராவது சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டை 'டடக்' என்று காலால் தட்டினால் போதும், கைகளைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொள்கிறேன். விரல் முட்டிகளுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி போலிருக்கிறது.

போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒன்று நடந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் எட்டாம் வகுப்பு.

பள்ளிக்கூடம் கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்தது. கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்கு ஏறுகிற பஸ் எங்கள் வேலி ஓரமாகத்தான் போகும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் மலை முழுசாகத் தெரியும். ஆனி மாதம் வந்துவிட்டால் உச்சியில் மேகம் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், கீழே எங்களுக்கு ஒரு சொட்டு விழாது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி மலையிலிருந்து இறங்கிச் சின்னசேலம் பக்கம் போனால் ஈர மண் வாசனை வகுப்புக்குள் வந்துவிட்டுப் போகும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரும்பலகைக்குக் கரி பூசுவது பெண்பிள்ளைகள் வேலை. ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துத் தேய்ப்போம். ஊமத்தை விஷம் என்று எவளோ சொல்லிவைத்திருந்தாள். கையை எத்தனை தரம் கழுவினாலும் அந்தப் பச்சை நாற்றம் போகாது. அன்றைக்குச் சோற்றைக் கையால் அள்ளும்போதெல்லாம், இன்றோடு செத்தோம் என்று நினைத்துக்கொண்டே சாப்பிடுவேன். அப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி நான். இதை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் செய்த காரியத்துக்கு நீங்கள் வேறு காரணம் எதுவும் தேட வேண்டாம்.

ஆங்கிலம் எடுத்தவரை நாங்கள் சார் என்போம். மற்றவர்களுக்கெல்லாம் கணக்கு சார், தமிழ் ஐயா என்று முன்னால் ஒன்று உண்டு. வெறும் சார் என்றால் அவர் ஒருவர்தான். வெள்ளை அரைக்கைச் சட்டை. சைக்கிளில் வருவார். ஏழாம் வகுப்பிலிருந்தே எங்களுக்கு அவர்தான். பாடம் எப்போதும் ஒரே மாதிரி. பலகையில் மூன்று ஆங்கில வாக்கியங்கள் இருக்கும். ஒருவரைக் கூப்பிடுவார். பெயர்ச்சொல் எதுவோ அதற்கு அடியில் கோடு போட்டு, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதை நவுன் என்பார். பிறகு இன்ஃபினிட்டிவ் ஃப்ரேஸ் எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றி வட்டம் போட்டு அதையும் சொல்ல வேண்டும். கடைசியில் வாக்கியத்தைத் தமிழில் சொல்ல வேண்டும். தப்புக்கு ஒரு அடி. மர ஸ்கேலைப் படுக்கையாகப் பிடிக்கமாட்டார். விளிம்பைத் திருப்பி விரல் முட்டியில் வைப்பார். அந்தச் சத்தம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்.

இன்ஃபினிட்டிவ் என்ற சொல் எங்கள் வாயில் நுழையவே ஒரு மாதம் ஆயிற்று. சாரே ஒரு வழி சொன்னார். வாக்கியத்தில் 'டூ' என்று ஒன்று வரும். அதற்குப் பின்னால் வினை வந்தால் வட்டம் போடு. ஆறு, ஊர், கடை என்று பெயர் வந்தால் வட்டம் போடாதே, அது வேறு டூ. இதைக் கேட்டதும் வகுப்பே சிரித்தது. எங்களுக்குத் தெரிந்த டூ ஒன்றே ஒன்றுதான். சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தினால் டூ விடுவது, மறுபடி சேர்ந்தால் பழம் விடுவது. சிரித்ததற்கும் அடி விழுந்தது.

தமிழில் 'போக, பிடிக்க, படிக்க' என்று முடியாமல் நிற்கிற சொற்கள் இருக்கின்றன அல்லவா, அதுதான் இது என்று விளக்கினார். இதற்கு ஆளும் கிடையாது, காலமும் கிடையாது என்றார். 'பிடிக்க' என்றால் யார் பிடிக்க, எப்போது பிடிக்க, அந்தச் சொல்லுக்குத் தெரியாது. எனக்கு அது பிடித்துப்போயிற்று. யாரும் மாட்டிக்கொள்ளாத சொல்.

சாருடைய வாக்கியங்களில் வருகிற ஆள் எப்போதும் ஒரே பையன்தான். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும். இன்னார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'இன்னார் கோஸ் டு த ரிவர் டு கேட்ச் ஃபிஷ்.' இன்னார் மீன் பிடிக்க ஆற்றுக்குப் போகிறான். இதில் இன்னாருக்குக் கோடு, ஆற்றுக்குக் கோடு, மீனுக்குக் கோடு. 'டு கேட்ச் ஃபிஷ்' முழுவதற்கும் வட்டம். 'டு த ரிவர்' பக்கம் போகக்கூடாது, அது ஏமாற்று டூ. மற்ற வாக்கியங்கள் தினமும் மாறும், இது மட்டும் மாறாது. இன்னார் மாம்பழம் வாங்குவான், இன்னார் டாக்டராக விரும்புவான், எது செய்தாலும் ஆற்றுக்குப் போகாமல் இருக்கமாட்டான்.

என் கையெழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கும். அதனால் அந்த வாக்கியங்களைப் பலகையில் எழுதுகிற வேலை எனக்கு வந்தது. சார் முந்தின நாளே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார். காலையில் பிரேயருக்கு முன்னால் நான் எழுதிவைப்பேன்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான் என் கூட்டாளி. அவள் அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். அந்த வருஷம் தை மாதத்திலிருந்து அம்மா மட்டும் போகவில்லை, நெஞ்சில் சளி கட்டி இருமிக்கொண்டே படுத்துவிட்டார். கூட்டாளி காலையில் தண்ணீர் பிடித்து, கூழ் காய்ச்சி வைத்துவிட்டு ஓடிவருவாள். வகுப்பில் சாரிடம் ஒரு அடிகூட வாங்காதவள் அவள் ஒருத்திதான். நான் பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின்னாலிருந்து நவுன்களை முணுமுணுத்துவிடுவாள். பத்தாவது முடித்து நர்ஸ் ஆக வேண்டும் என்பாள். நர்ஸ் என்பது நவுன், ஆக என்பது இன்ஃபினிட்டிவ் என்று சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

எட்டாம் வகுப்பு திறந்த முதல் வாரம் சார் அவளைக் கூப்பிட்டார். எழுந்து போனாள். ஆற்றுக்குக் கோடு போட்டாள், மீனுக்குக் கோடு போட்டாள், வட்டத்தை அழகாகப் போட்டாள். முதல் சொல்லை மட்டும் தாண்டிவிட்டாள். இன்னும் ஒன்று இருக்கிறது என்றார் சார். அவள் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடி விழுந்தது. சரி, தமிழில் சொல் என்றார்.

"அவுரு மீன் புடிக்க ஆத்துக்குப் போறாருங்க."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நாங்கள் எல்லோரும் போறான் என்று சொல்கிற பையனுக்கு இவள் அவுரு போடுகிறாள், போறாரு என்கிறாள். ஆங்கிலத்தில் இந்த வம்பே இல்லை, பாருங்கள். சின்னப் பையனானாலும் கட்டிய புருஷனானாலும் ஒரே 'ஹி' போதும். தமிழில் வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வோம்.

"அவுரா? இன்னா, கலெக்டரா மீன் புடிக்கப் போறாரு? அவுருங்கறது ப்ரோநவுன். பேருக்குப் பதிலா வர்றது. எனக்குப் பேரு வேணும். சொல்லு."

அவள் சொல்லவில்லை. மூன்று அடி. சிரிப்பு இன்னும் ஜாஸ்தி ஆயிற்று.

நான் சிரிக்கவில்லை. அந்த 'அவுரு'வை நான் தினமும் வீட்டில் கேட்கிறவள். என் அம்மா அப்பாவை அப்படித்தான் சொல்வார். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால், என்னைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளுவார். நான்தான் சொல்ல வேண்டும். எனக்குப் பேச்சு வருவதற்கு முன்னால் எப்படிச் சமாளித்தார் என்று கேட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது. அப்பா பெயர் கொண்ட பக்கத்து வீட்டுக் குழந்தையைக்கூட அம்மா 'ஏ தம்பி' என்றுதான் கூப்பிடுவார்.

சாப்பாட்டு மணி அடித்ததும் கைப்பம்புக்குப் பின்னால் அவளை இழுத்துக்கொண்டு போனேன். நான் பம்பை அடிக்க, வீங்கின முட்டிகளைத் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தாள். எதுவும் கேட்காமல் அவள் கழுத்தையே பார்த்தேன். புரிந்துகொண்டாள். ரவிக்கைக்குள் விரலைவிட்டு மஞ்சள் கயிற்றை ஒரு விரற்கடை வெளியே இழுத்துக் காட்டிவிட்டு உடனே உள்ளே தள்ளினாள். மஞ்சள் வாசனை அடித்தது. வைகாசிக் கடைசியில், மலைமேல் ஒரு கோயிலில், ஒன்பது பேரை வைத்து நடந்ததாம். மாப்பிள்ளை அவள் தாய்மாமன். வெள்ளிமலைப் பக்கம், கிழங்கு லாரியில் வேலை. அம்மா கண்ணை மூடுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று செய்துவிட்டார்கள். அவளுக்குப் பதின்மூன்று வயது.

"யாராண்டயும் சொல்லிறாதடி. ஊருக்குத் தெரியாத வரைக்கும் படிக்கட்டும்னு மாமனப் பெத்த எங்க ஆயா சொல்லிக்கிறாங்க. பள்ளிக்கூடத்துல தெரிஞ்சிச்சினா அன்னிக்கே இட்டுக்கினு போயிருவாங்க. அத்தோட படிப்பு காலி."

மாமன் பெயரும் பலகைப் பையன் பெயரும் ஒன்று. அது வேறு ஆள்தானே, சொன்னால் என்ன என்று கேட்டேன். வேறு ஆள்தான், பேர் அதே பேர் என்றாள். சொன்னால் மாமன் ஆயுசு குறைந்துவிடும் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறார். அம்மாவே படுத்துக் கிடக்கும்போது அவர் பேச்சை எப்படி மீறுவது என்று கேட்டாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அவள் தலையில், என் தலையில் இல்லை. அதையும் இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

அன்று முதல் என் பயம் இரண்டாயிற்று. சார் அவளைத் தினமும் கூப்பிட ஆரம்பித்தார். நன்றாகப் படித்த பெண்ணுக்குத் திடீரென்று திமிர் வந்துவிட்டது, அதை முளையிலேயே கிள்ள வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. அவள் தினமும் எழுந்து போவாள். ஆறு, மீன், மாம்பழம், டாக்டர் எல்லாவற்றுக்கும் கோடு போடுவாள். அந்த ஒரு சொல்லைத் தாண்டுவாள். அடி விழும். அழமாட்டாள். பெஞ்சுக்கு வந்து கையைத் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டு உட்காருவாள். பக்கத்தில் எனக்கு அவள் மூச்சு சூடாகத் தெரியும். பிறகு குனிந்து, என் நோட்டில் நான் தப்பாகப் போட்ட வட்டத்தைக் காட்டுவாள்.

பன்னிரண்டு நாள். சனி, ஞாயிறு போகப் பன்னிரண்டு. தினமும் காலையில் அந்தப் பெயரை என் கையால், என் குண்டு எழுத்தில், நான்தான் எழுதிவைப்பேன். எந்த இடத்தில் எழுதுகிறேனோ அந்த இடத்தில் அவளுக்கு அடி. சாக்பீஸ் தூள் உள்ளங்கை வேர்வையில் பிசுபிசுக்கும். வலது கை முட்டி ஒன்று பிளந்து, அவள் பென்சிலை இடது கையில் பிடிக்கிற நாள் வந்ததும் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலையில் சார் கொடுத்த சீட்டில் மூன்று வாக்கியம் இருந்தது. மூன்றிலும் அந்தப் பெயர். நான் யோசித்தேன். என் மூளைக்கு எட்டியது இவ்வளவுதான்: ஒரு ஆளாக இருப்பதால்தானே வம்பு, பல ஆளாக ஆக்கிவிட்டால்? பெயரை விட்டுவிட்டு மூன்று இடத்திலும் 'பாய்ஸ்' என்று எழுதினேன். பையன்கள். பையன்கள் ஆற்றுக்குப் போகட்டும், எவனாவது போகட்டும். எழுதிவிட்டு உட்கார்ந்தேன். கூட்டாளி பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பெஞ்சுக்கு அடியில் என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில் அந்த வருஷம் நான் பார்க்கவில்லை.

ஸ்டாண்டு 'டடக்' என்றது. சார் வந்தார். பலகையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஒருமை பன்மை மாறினால் ஆங்கில வினையும் மாற வேண்டும் என்று எனக்கு எங்கே தெரியும்? 'பாய்ஸ் கோஸ்' என்று எழுதியிருந்தேன். ஆளை மாற்றினேன், வினையை விட்டுவிட்டேன். இலக்கணம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது என்று நானே பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அடுத்து நான் செய்ததை இலக்கணம் செய்யவில்லை.

எல்லோரையும் படிக்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் வராந்தா கோடியில் இருந்த அறைக்குக் கூட்டிப்போனார். சுருட்டிவைத்த தேசப்படங்களும் உடைந்த பெஞ்சுகளும் கிடக்கிற அறை. எலிப்புழுக்கை நாற்றம். கதவைச் சாத்தவில்லை, ஆனால் எனக்குச் சாத்தினது போலத்தான் இருந்தது. கையில் ஸ்கேல். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

"அந்தப் பேர அழிக்கச் சொல்லி உனக்கு யாரு சொன்னது?"

அவர் கண் சிவந்து தண்ணீர் கட்டியிருந்தது. அப்படி ஒரு பெரிய மனுஷரை நான் அதுவரை பார்த்ததில்லை. அடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன் என்று இப்போது சொல்லலாம். அன்றைக்கு எனக்கு அடியும் பயம், அந்தக் கண்ணும் பயம், இங்கேயே செத்துவிடுவேன் என்று பயம். பாவாடை நனைந்துவிட்டது. கையை நீட்டு என்று அவர் சொல்லக்கூட இல்லை. நானே வாயைத் திறந்தேன்.

"சார், அது அவ வூட்டுக்காரர் பேருங்க சார்."

அவள் பன்னிரண்டு நாள் அடி வாங்கியும் சொல்லாததை, நான் ஒரு அடிகூட வாங்காமல் சொல்லிவிட்டேன்.

அவர் உடைந்த பெஞ்சில் உட்கார்ந்தார். எவளுக்கு என்று கேட்டார். சொன்னேன். எப்போது, எங்கே என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், மஞ்சள் கயிறு முதற்கொண்டு. ஆளும் காலமும் இடமும் சேர்த்துச் சொன்னேன். கேட்டுவிட்டு ஸ்கேலைத் தேசப்படங்களுக்கு நடுவில் வைத்தார். நீ சொன்னதாக யாருக்கும் தெரியாது, போய் முகத்தைக் கழுவு என்றார். வகுப்புக்கு வந்து பலகையை அவரே துடைத்தார். அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. என்னடி கேட்டார் என்று கூட்டாளி கேட்டாள். கிராமர் தப்புக்குத் திட்டினார் என்றேன்.

சார் கெட்டவர் இல்லை. இதை அடித்துச் சொல்வேன். அன்று சாயங்காலமே தலைமையாசிரியையான பெரிய டீச்சரையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். சைக்கிளை வீட்டு வாசலிலேயே நிறுத்தினார். தெரு முழுக்கக் கூடிவிட்டது. குழந்தைக்குத் தாலி கட்டுவது சட்டப்படி தப்பு, பள்ளிக்கூடம் இதை விடாது, பெண் கட்டாயம் படிக்க வேண்டும், இல்லையென்றால் மேலே எழுதிப்போடுவோம் என்று நல்லதைத்தான் பேசினார்கள். அவள் அம்மா பாயில் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டாராம். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம். என் அம்மா வேடிக்கை பார்த்துவிட்டு வந்து இதையெல்லாம் சொன்னார். நான் சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டேன்.

பெரியவர்கள் கணக்குப் போடுகிற அழகு அதுதான். அவளைக் காப்பாற்ற இரண்டு பேர் தெருவைக் கூட்டினார்கள். பலகையில் ஒரு பெயரை மாற்றியிருந்தால் போதும். அவள் அந்த வருஷம் முழுக்கப் படித்திருப்பாள். அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்த்திருக்கலாம். அந்தப் பெயரை மாற்ற சாருக்கு ஏன் மனசு வரவில்லை என்பது எனக்கு ஒன்பதாம் வகுப்பில்தான் தெரிந்தது. பெரிய டீச்சர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். சாருக்கு ஒரே பையன் இருந்தானாம். அதே பெயராம். கோமுகி ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போனவன் திரும்பி வரவில்லையாம். தினமும் ஒரு தரமாவது எந்தப் பிள்ளை வாயிலிருந்தாவது அந்தப் பெயரைக் கேட்க வேண்டியிருந்தது அவருக்கு. அவளுக்கோ அதைச் சொல்லக்கூடாது. இதில் பாதி மட்டும் தெரிந்துகொண்டு நடுவில் சாக்பீஸோடு நான் நின்றிருக்கிறேன்.

அவர்கள் போய்ப் பேசின மூன்றாம் நாள், காலை இன்டர்வெல். மலைக்குப் போகிற பஸ் வேலி ஓரம் நின்றது. அவளுடைய ஆயா ஒரு தகரப் பெட்டியோடு ஏறிக்கொண்டிருந்தார். கூட்டாளி புடவை கட்டியிருந்தாள். கொசுவம் தடுக்க ஓடிவந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நான். தெரிந்துவிட்டது, எல்லார் முன்னாலும் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். கம்பிக்கு நடுவில் கையைவிட்டு அவளுடைய ஆங்கில நோட்டை நீட்டினாள்.

"சாரு எப்படியோ கண்டுபுடிச்சிட்டாருடி. ஊரே பேசுது. நீ ஒருத்திதான் யாராண்டயும் சொல்லல. இத்த நீ வச்சிக்க."

நான் "உம்" என்றேன். அந்த 'உம்' ஒரு முழு வாக்கியம். அதில் ஒரு சொல்லும் உண்மை இல்லை.

நோட்டில் கடைசியாக வீட்டுப்பாடம் ஐந்து வாக்கியம் எழுதியிருந்தாள். பசு பால் தரும். அப்பா கரும்பு வெட்ட வயலுக்குப் போகிறார். நான் தண்ணீர் பிடிக்கப் பம்புக்குப் போகிறேன். நாலாவது, 'மை மதர் வான்ட்ஸ் டு லிவ்.' அம்மா உயிரோடு இருக்க விரும்புகிறார். ஐந்தாவது, 'ஐ வான்ட் டு ரீட்.' நான் படிக்க விரும்புகிறேன். கோடும் வட்டமும் ஒன்றுகூடத் தப்பு இல்லை. சார் அதைத் திருத்தவேயில்லை. அவள் அம்மா ஆடி தாண்டவில்லை. அவள் போன அடுத்த வாரமே அந்தப் பெயர் பலகைக்குத் திரும்பி வந்துவிட்டது, நான்தான் எழுதினேன். தாண்டிப் போவதற்கு ஆள் இல்லை. நோட்டை என் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். கல்யாணமாகிப் போகும்போது மறந்து வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது கரையான் அரித்து, அட்டை மட்டும் இருந்தது.

இனிமேல் போன வாரம். கள்ளக்குறிச்சியில் ஓர் ஆபீசுக்குப் பட்டா விஷயமாகப் போயிருந்தேன். எனக்கு முன்னால் வரிசையில் ஒரு அம்மா, வாரிசு சான்றிதழுக்கு. மனுவில் மழைத் தண்ணீர் பட்டுப் பெயர் அழிந்திருந்தது. கவுண்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் கேட்டான், இறந்தவர் பேர் என்னங்கம்மா என்று. அந்த அம்மா பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மகள் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள்.

"அவுரு பேருங்களா... தோ பொண்ணு வந்துரும், அது சொல்லுங்க."

செத்துப்போன பிறகும் சொல்லவில்லை. வலது கை கவுண்டர் கட்டைமேல் இருந்தது. நடு முட்டியில் வெள்ளைத் தழும்பு. எனக்கு அந்த எலிப்புழுக்கை நாற்றம் மூக்கில் அடித்தது. திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது, மறைக்கமாட்டேன். பின்னால் இருந்தவர்கள் சலித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். பையன் இரண்டாம் தரம் கேட்டான். நான் அவள் தோளுக்கு மேலே எட்டி, அந்தப் பெயரைச் சொன்னேன்.

அவள் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டாள். "ஆமாங்க, அதான்" என்று பையனிடம் சொல்லிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தவள், வெளியே டீக்கடைக்கு வரும்வரை விடவில்லை. கேட்கப்போகிறாள், இப்போது கேட்கப்போகிறாள். அவள் கேட்கவில்லை. மூன்று பிள்ளைகள் என்றாள். மாமன் நல்லவர்தான், குடி மட்டும் என்றாள். மகள் ஜெராக்ஸோடு வந்தாள். மகள் நர்ஸ்.

"தே பாருடி, நான் சொல்லிக்கினே இருப்பனே, அந்தக் கூட்டாளி இதுதான். ஊரே பேசனப்பவும் வாயத் தொறக்காத ஆளு."

மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் மறுபடியும் "உம்" என்றேன். ஐம்பது வருஷத்தில் அந்தச் சொல்லுக்கு மேல் நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த நோட்டு இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். சான்றிதழ் வாங்கத் திங்கட்கிழமை மலையிலிருந்து இறங்குகிறாளாம். எடுத்துவந்து கொடு, பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், நானும் இங்கிலீஷ் எழுதியிருக்கிறேன் என்றால் ஒருத்தரும் நம்பமாட்டேன் என்கிறார்கள் என்றாள்.

நேற்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஐந்து வாக்கியத்தையும் எழுதிவிட்டேன். மனப்பாடம்தான். கோடு போட்டேன், வட்டம் போட்டேன். நாலாவது வாக்கியத்தில் கை கொஞ்சம் நின்றது. எழுதி முடித்ததும் ஆறாவதாக ஒன்று எழுதினேன். மூன்றே சொல். 'ஐ டோல்ட் சார்.' நான் சாரிடம் சொன்னேன். அவள் எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவாள், அவள் அப்படிப்பட்டவள். இதில் ஆள் இருக்கிறது, காலம் இருக்கிறது. சாருக்கு அடியில் கோடு போட்டேன். வட்டம் போட ஒன்றும் இல்லை. இந்த வாக்கியத்தில் டூ கிடையாது. அதைத் திங்கட்கிழமை அவள்தான் விட வேண்டும்.